கோணலாகத் தொங்கிய பெட்டி

"இடிக்கு மாடிப்படி ஏறத் தெரியாதுங்களா பாய்?"

அறிவுச்செல்வி இதைக் கேட்டபோது, பரக்கத் அலி கருகிப்போன டி.வி.யின் பின்பக்கத்தை மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஏன் கேக்குறே?"

"கீழ ஹால்ல டி.வி. போச்சு. பக்கத்து ரூமுல அந்தம்மாவோட ஆக்சிஜன் மிஷின் போச்சு. மாடியில மருமகப் பொண்ணோட கம்ப்யூட்டர் மட்டும் ஜம்முனு ஓடிட்டு இருக்குது. ஒரே ஊடு, ஒரே லைன், ஒரே இடி. மாடிக்குப் போக மூட்டு வலியா அதுக்கு?"

பரக்கத் அலி சிரிக்கவில்லை. நல்ல கேள்வி வந்தால் அவர் சிரிப்பதில்லை.

சேலம் சூரமங்கலத்தில் ஒரு பேக்கரிக்கு மேல் அவருடைய துப்பறியும் அலுவலகம் இருந்தது. அதற்கு முன்னால் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக எரிந்த வீடுகளையும் நொறுங்கிய லாரிகளையும் மதிப்பிட்டவர். உதவியாளர் அறிவுச்செல்வி லாரி புக்கிங் ஆபீஸில் போன் எடுத்துக்கொண்டிருந்தவள். பொய் சொல்லும் டிரைவரை இருமலிலேயே கண்டுபிடித்துவிடுவாள். நாற்பதைத் தாண்டியும் அவள் வாய்க்கு மட்டும் வயதாகவில்லை.

இருவரும் நின்றிருந்தது நாமக்கல்லிலிருந்து பரமத்தி போகும் சாலையோரம், கோழிப்பண்ணை வைத்திருக்கும் சென்னியப்பனின் வீட்டில். போன வாரம் ஒரு மத்தியானம் கோடை மழை கொட்டியது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் இடி இறங்கியது. நுரையீரல் பலவீனப்பட்ட சென்னியப்பனின் மனைவி ராமாயி, மூக்கில் குழாயுடன் படுத்திருந்தாள். மிஷின் ஒரு முறை 'கிர்ர்' என்றது. நின்றுவிட்டது. அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரிலும் காற்று அதிகம் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தபோது அவள் நகமெல்லாம் நீலம்.

பிழைத்துவிட்டாள். நாளைக்கு வீட்டுக்கு வருகிறாள்.

ஆனால் மகன் சபரிநாதனின் கோபம் மட்டும் இன்னும் இறங்கவில்லை. லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவன். பரக்கத் அலியை வரவழைத்தவனும் அவன்தான்.

"எலக்ட்ரீஷியன் சின்னண்ணன் ஏமாத்திட்டானுங்க பாய்" என்றான், அம்மாவின் அறை வாசலில் நின்றபடி. "மிஷினுக்குப் புது சர்ஜ் புரொடக்டர் போடச் சொன்னோம். எங்கியோ கெடந்த பழசை மாட்டிட்டுப் போயிருக்கான். கடை வாசல்லயே வெச்சு ஒண்ணு குடுத்தேன். போலீஸுக்கும் போகோணும். அதுக்குத்தான் நீங்க ஆதாரம் எடுத்துத் தரோணும்."

பரக்கத் அலி சுவரில் இருந்த பெட்டியைக் குனிந்து பார்த்தார். நீளமான பெட்டி. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்தது, வெயில் காலத்து மோர் மாதிரி மஞ்சளாகத் திரிந்திருந்தது. அடியில் அச்சிட்டிருந்த வருஷம் ரொம்பப் பழையது. ஒரு ஓரத்தில் குண்டூசித் தலை அளவில் ஒரு விளக்கு. அது எரியவில்லை. ஆனால் ஃபேன் ஒயரை அதில் சொருகியதும் ஃபேன் சுற்றியது.

"கரண்ட் வருதே?" என்றாள் அறிவுச்செல்வி.

"வரும். அதுதான் இதுல சிக்கல். உள்ள ஒரு சின்ன வில்லை இருக்கும்மா. லைன்ல திடீர்னு கரண்ட் எகிறினா, அந்த அதிகப்படியை இது வாங்கி எர்த்துக்குத் தள்ளிவிடும். ஒவ்வொரு அடிக்கும் தானும் கொஞ்சம் தேயும். ஒரு நாள் தீர்ந்துபோகும். அப்ப இந்த விளக்கு அணையும். மத்தபடி ஃபேன் ஓடும், மிஷின் ஓடும். காவல் போனது யாருக்கும் தெரியாது."

"சம்பளம் வாங்கிட்டுத் தூங்குற வாட்ச்மேன்."

"பாத்தீங்களா? செத்த பெட்டி!" என்று சபரிநாதன் குரலை உயர்த்தினான்.

"செத்ததுதான். ஆனா ஏன் கோணலாத் தொங்குது?"

சபரிநாதனுக்குக் கேள்வி புரியவில்லை. பரக்கத் அலி பெட்டியைக் கழற்றித் திருப்பினார். பின்னால் மாட்டுவதற்கு இரண்டு ஓட்டைகள். சுவரில் இரண்டு ஸ்க்ரூ. ஆனால் ஓட்டைகளுக்கு இடையில் இருந்த தூரம் வேறு, ஸ்க்ரூக்களுக்கு இடையில் இருந்த தூரம் வேறு. அதனால் பெட்டி ஒற்றை ஸ்க்ரூவில் தொங்கி, மறுமுனை கட்டில் காலில் சாய்ந்திருந்தது.

"ஏமாத்துறவன் கூட தன் பெட்டிக்கு ஏத்த மாதிரிதான் ஸ்க்ரூ அடிப்பான் தம்பி" என்றார். "இந்த ஸ்க்ரூக்கள் வேற ஒரு பெட்டிக்காக அடிச்சது. அது எங்கேன்னு கண்டுபிடிச்சா உங்க கேஸ் முடிஞ்சது."

ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சென்னியப்பன் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பண்ணைப் பக்கம் போய்விட்டார்.

*

சின்னண்ணனின் கடை ஷட்டர் இறங்கியிருந்தது. அதன் பின்னாலேயே வீடு. அவர் முகத்தில் இடது பக்கம் இன்னும் லேசாகத் தடித்திருந்தது. அவராக உட்காரச் சொல்லவில்லை. அறிவுச்செல்வியாகவே உட்கார்ந்துகொண்டாள்.

"நான் மாட்டினது புதுசுங்க" என்றார். "குட்டையான வெள்ளைப் பெட்டி. ரெண்டு ஸ்க்ரூவுலயும் நேரா உக்காந்துச்சு. பச்சை லைட் எரிஞ்சுது. பாத்துட்டுத்தான் வந்தேன்."

"இதை சபரிகிட்ட சொன்னீங்களா?"

"சொல்ல வாயைத் தொறந்தேனுங்க. அதுக்குள்ள கை வந்துருச்சு."

அவர் தரையைப் பார்த்தார். பிறகு, கேட்காமலே சொன்னார்.

"என்ற மேலயும் தப்பு இருக்குதுங்க. அந்த லைட் எரியற வரைக்குந்தான் காவல், அணைஞ்சா பெட்டியவே மாத்தோணும்னு அந்த ஊட்டுல ஒருத்தருகிட்டயும் சொல்லுல. உசுரைப் புடிச்சு வெச்சிருக்கற மிஷினு. சொல்லியிருக்கோணும். அடுத்த வேலைக்கு நேரமாச்சுன்னு கெளம்பிட்டேன். அந்தம்மாளைத் தூக்கிட்டுப் போனாங்கன்னு கேட்டதுலருந்து அதேதான் மண்டைக்குள்ள ஓடுது."

"உங்களை அடிச்சப்ப யாரு யாரு இருந்தாங்க?"

"கடைவீதியே இருந்துச்சு. சென்னியப்பண்ணனும் கார்ல உக்காந்திருந்தாரு." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "என்னைய எங்க கண்டாலும் வண்டிய நிறுத்திப் பேசறவருங்க. அன்னைக்கு அந்தப் பக்கமாத் திரும்பி வாழைக்காய் மண்டியப் பாத்துக்கிட்டு இருந்தாரு."

திரும்பும் வழியில் கார் ஓட்டியபடியே அறிவுச்செல்வி கேட்டாள்.

"ஏனுங் பாய், எங்க ஊட்டு டி.வி.க்குப் பின்னால இப்படி ஒரு பெட்டி இருக்குது. எப்ப வாங்கினேன்னே ஞாபகம் இல்ல. எப்பத்தான் மாத்துறது?"

"விளக்கு அணைஞ்சா மாத்து. பெரிய அடி ஒண்ணு வாங்கினாலும் மாத்து. ரெண்டும் இல்லேன்னாலும் நாலஞ்சு வருஷத்துல மாத்திடு. சூடானாலோ, கருகின வாடை வந்தாலோ அன்னைக்கே தூக்கிப் போடு."

"புருஷனுக்கும் இதே விதிய வெச்சா எவ்வளவு நல்லா இருக்கும்."

"அறிவு, ரோட்டைப் பாரு."

*

பண்ணை வாசலில் சென்னியப்பன் முட்டை அட்டைகளை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். நீல நிறப் பிளாஸ்டிக் நாடா. குறுக்கே ஒரு சுற்று, நெடுக்கே ஒரு சுற்று, கடைசியில் இரட்டைக் கண்ணியாக ஒரு முடிச்சு. முனையை மடித்து உள்ளே சொருகினார்.

"முடிச்சு புதுசா இருக்குதுங்களே" என்றாள் அறிவுச்செல்வி. "எங்க லாரி ஆபீஸ்ல இதைப் போட்டா, அவுக்கறதுக்குள்ள லாரி பெங்களூரே போயிருக்கும்."

"என்ற பழக்கமுங்க. மத்தவங்க கட்டினா வழியில சரிஞ்சு போயிருது" என்றார். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

மாடியில் சபரிநாதனின் மனைவி யுவஸ்ரீ வேலையில் இருந்தாள். காதில் ஹெட்செட். பெங்களூர்க் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். இவர்களைக் கண்டதும் ஹெட்செட்டைக் கழற்றினாள்.

"உங்க கம்ப்யூட்டர் எதுல சொருகியிருக்கும்மா?" என்றார் பரக்கத் அலி.

"மேஜைக்குப் பின்னால, ஒரு பெட்டியில..."

அறிவுச்செல்வி அதற்குள் மேஜைக்கடியில் புகுந்துவிட்டாள். பிறகு குரல் மட்டும் வந்தது.

"பாய், இங்கயும் ஒருத்தர் கோணலாத் தொங்கிட்டு இருக்காரு. குட்டையா, வெள்ளையா. பச்சைக் கண்ணு முழிச்சிட்டு இருக்குது."

பரக்கத் அலி கையோடு கொண்டுவந்திருந்த மஞ்சள் பெட்டியைக் கொடுத்தார். உள்ளே 'டக்' 'டக்' என்று இரண்டு சத்தம். மஞ்சள் பெட்டி அந்தச் சுவரின் இரண்டு ஸ்க்ரூக்களிலும் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி நேராக உட்கார்ந்தது.

"ரெண்டு பேரும் வீடு மாறிப் போயிருக்காங்க" என்றார் பரக்கத் அலி. "சின்னண்ணன் மாட்டின புதுசு இங்க. இந்த மாடியில இருந்த பழசு கீழ."

வாசலில் நிழல் விழுந்தது. சபரிநாதன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தான்.

"யுவா..." என்றான். அதற்கு மேல் குரல் வெடித்தது. "அம்மாவோட மூச்சுக்கு வெச்சதை எடுத்து உன்ற கம்ப்யூட்டருக்குப் போட்டுக்கிட்டயா?"

"நான் மாத்தலைங்க." யுவஸ்ரீ நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "பழசுல லைட் அணைஞ்சு போச்சு. வாங்கணும் வாங்கணும்னு நாளைத் தள்ளிட்டே இருந்தேன். ஒரு சனிக்கிழமை ராசிபுரத்துக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிட்டு வந்தேன். வந்து பாத்தா லைட் எரியுது. நீங்கதான் புதுசு வாங்கி மாட்டியிருக்கீங்கன்னு நெனைச்சேன். சந்தோஷப்பட்டேன்."

"அப்புறம்?"

"மிஷின் நின்ன அன்னைக்கு அத்தை ரூமுக்கு ஓடினேன். மஞ்சப் பெட்டி அங்க தொங்குது. பாத்ததும் புரிஞ்சு போச்சு."

"அன்னைக்கே ஏன் சொல்லலை?"

"யாரு மாத்தியிருந்தாலும் எனக்காகத்தானே மாத்தியிருப்பாங்க? நான் சோம்பேறித்தனமா இருந்ததுக்கு அத்தை மூச்சைக் குடுத்திருக்காங்க. அதை எந்த வாயால சொல்றது?" அவள் முகத்தை மூடிக்கொண்டாள். "சின்னண்ணனை நீங்க அடிச்சீங்கன்னு கேட்டப்பவும் சொல்லலை. சோறு இறங்கலை, ஆனா சொல்லலை."

பரக்கத் அலி அவள் அழுது ஓயும்வரை காத்திருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"லைட் அணைஞ்சு போச்சுன்னு யாருகிட்ட சொன்னீங்க?"

"அத்தைகிட்ட மட்டும்தான். தலை வாரிவிடறப்ப. 'கம்ப்யூட்டர் புகைஞ்சா என்னை வேலையை விட்டே அனுப்பிடுவாங்க அத்தை'ன்னு சும்மா சிரிச்சிக்கிட்டே சொன்னேன்."

"அம்மாவால கட்டிலை விட்டு எறங்கவே முடியாது" என்றான் சபரிநாதன்.

அறிவுச்செல்வி மேஜைக்கடியிலிருந்து வெளியே வந்தாள். அவள் கையில் ஒரு நீல நாடா. வெள்ளைப் பெட்டி சரியாமல் இருக்க, அதன் மறுமுனையை ஜன்னல் கம்பியோடு கட்டியிருந்த நாடா. முடிச்சை அவள் அவிழ்க்கவில்லை, நாடாவைத்தான் அறுத்திருந்தாள். இரட்டைக் கண்ணி. முனை மடித்து உள்ளே சொருகியிருந்தது.

அவளுக்கு வாயில் ஜோக் ஒன்றும் வரவில்லை. நாடாவையும் வெள்ளைப் பெட்டியையும் மேஜைமேல் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள்.

சபரிநாதன் அதைப் பார்த்தான். அந்த முடிச்சைச் சின்ன வயதிலிருந்து பார்ப்பவன். அவன் முகம் மாறியது.

"அந்தப் புள்ளைய விடு சாமி" என்று படிக்கட்டிலிருந்து குரல் வந்தது. "நாந்தான்."

சென்னியப்பன் ஏறி வந்த வேகத்தில் மூச்சு வாங்கினார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

"வேற ஆருமில்லீங்க. நானாத்தான் கழட்டி மாட்டினேன்."

"உங்க வீட்டம்மா சொல்லாமலா?" என்றார் பரக்கத் அலி.

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெயரை வெளியே விடாமல் இருக்கத்தான் இத்தனை நாளும் பாடுபட்டிருந்தார் என்பது தெரிந்தது.

"அவதானுங்க சொன்னா. 'என்ற மிஷினு பாட்டுக்கு ஓடிட்டுத்தான் இருக்குது. புள்ளைக்கு வேலை போயிட்டா என்ன பண்ணுவா? என்றத அவளுக்குப் போடுங்க, சின்னண்ணன் வந்தா எனக்கு வேற ஒண்ணு போட்டுக்கலாம்'னு. நச்சரிச்சா. மாத்தினேன். பழசுலயும் கரண்ட் வந்துச்சு, மிஷினு ஓடுச்சு. அப்புறமென்னன்னு சின்னண்ணனைக் கூப்பிடாமயே விட்டுட்டேன். அவ கேட்டுக்கிட்டே இருந்தா. 'வந்தானா, வந்தானா'ன்னு. ஒரு நாளு, 'நீ தூங்கறப்ப வந்து புதுசு மாட்டிட்டுப் போயிட்டான்'னு சொல்லிட்டேன்."

"பொய்."

"பொய்தானுங்க. அவ நச்சரிப்பு நின்னாப் போதும்னு இருந்துச்சு."

கீழே பண்ணையில் கோழிகள் ஒரே குரலில் கத்திக்கொண்டிருந்தன. பெரியவர் மேஜைமேல் இருந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தார்.

"இது அவ ரூமுலயே இருந்திருந்தா மிஷினு தப்பிச்சிருக்குமுங்களா?"

பரக்கத் அலி கொஞ்சம் தயங்கினார். "நேரா வீட்டு மேலயே விழற இடின்னா எந்தப் பெட்டியும் தாங்காதுங்க. இது லைன் வழியா வந்தது." பிறகு, சொல்லாமல் விட மனசு வராமல், "மாடியில தப்பிச்சிருக்கு" என்றார்.

சென்னியப்பன் கண்களை மூடித் திறந்தார்.

"பெட்டியை மாத்தினது தெரியாமச் செஞ்சது" என்றார் பரக்கத் அலி. "சின்னண்ணன் அடி வாங்கினப்ப கார்ல உக்காந்திருந்தீங்களே?"

"அது தெரிஞ்சேதானுங்க." குரல் கிட்டத்தட்டக் கேட்கவில்லை. "எறங்கிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். கதவுல கை வெச்சேன். தொறக்கலை. இப்ப அவ ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்துக்கிட்டு, 'பாவி சின்னண்ணன், புதுசுன்னு சொல்லிப் பழசை மாட்டிட்டானே'ன்னு அவனைத் திட்டிக்கிட்டு இருக்கறா. நான் பக்கத்துல உக்காந்து ஆரஞ்சு உரிச்சுக் குடுத்துக்கிட்டு கேட்டுக்கிட்டு இருக்கறேன்."

சபரிநாதன் தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒரு கேள்வி கேட்டிருக்கோணும்" என்றான். "அந்த ஆளு வாயைத் தொறந்தாரு. நான் கேக்கவே இல்ல."

"உங்க கேஸ் முடிஞ்சது" என்றார் பரக்கத் அலி. "ரிப்போர்ட் எங்க அனுப்பணும்?"

"கடைவீதிக்கு" என்றாள் அறிவுச்செல்வி. இந்த முறை அவள் வேடிக்கையாகப் பேசவில்லை.

*

சாயங்காலம். டீக்கடையிலும் வாழைக்காய் மண்டியிலும் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். அடி விழுந்த அன்றைக்கு நின்றவர்களே பாதிப் பேர். சென்னியப்பன் காரிலிருந்து இறங்கினார். மூடிய ஷட்டருக்கு முன்னால் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"சின்னண்ணன் மேல தப்பில்லீங்க. அவன் நல்ல பெட்டிதான் மாட்டினான். நான் கழட்டி வேற எடத்துல போட்டேன். அவன் அடி வாங்கினப்பவும் தெரிஞ்சுக்கிட்டே வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கை நின்றது. வீட்டுக்குள்ளிருந்து சின்னண்ணன் வெளியே வந்தார். சபரிநாதன் இரண்டு கைகளையும் கூப்பினான். "அண்ணா, என்னை மன்னிச்சிருங்க. வேணும்னா திருப்பி..."

"விடு தம்பி" என்றார் சின்னண்ணன். "ஆத்தா கெடந்த கெடைக்கு நானா இருந்தாலும் கை ஓங்கியிருப்பேன்." அவர் மகனைத் தாண்டி அப்பாவைப் பார்த்தார். "நீங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க பாருங்க. அதைத்தானுங்க தாங்க முடியல. கடையத் தொறக்க முடியாமப் போனதே அதுனாலதான்."

சென்னியப்பன் தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"அம்மாகிட்டச் சொல்லிட்டீங்களா?" என்றார் சின்னண்ணன்.

"இன்னம் இல்ல."

"நாளைக்கு அவங்க ஊட்டுக்கு வாராங்கன்னாங்க. என்னையத் திட்டிக்கிட்டே வந்து எறங்கக் கூடாதுங்க."

"அவ யோசனைதான் இது எல்லாம்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிருவாளேன்னு..."

"அப்ப நான் உடையலாமுங்களா?"

பரக்கத் அலி தெருவின் மறுபக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் சட்டைப்பையில் எதையோ தேடுவது போல நடித்தார். அறிவுச்செல்வி நேராகவே பார்த்தாள்.

சின்னண்ணன் ஷட்டரைத் தூக்கினார். பாதிதான். குனிந்து உள்ளே போய், டூல்ஸ் பையையும் அட்டையோடு ஒரு புதுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"புது மிஷினு வர்றதுக்குள்ள அந்த ரூமுல எர்த்து சரியா இருக்குதான்னு பாக்கோணும். எர்த்து இல்லாம எந்தப் பெட்டி போட்டும் புண்ணியமில்ல. லைட்டைப் பத்தி இந்தத் தடவை எல்லாரையும் நிக்க வெச்சுச் சொல்லிட்டுத்தான் வருவேன்."

சென்னியப்பன் அவசரமாகப் போய்க் காரின் பின்கதவைத் திறந்து பிடித்தார்.

"வா சின்னண்ணா. ஏறு."

சின்னண்ணன் திறந்த கதவைப் பார்த்தார். பையைத் தன் மொபெட்டின் முன்னால் வைத்தார்.

"நான் என்ற வண்டியிலயே வாரனுங்க."

மொபெட் புகையைக் கக்கிக்கொண்டு பரமத்தி ரோட்டில் போனது. கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்த சென்னியப்பன், பிறகு கதவைச் சாத்தினார். முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். மகன் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பப் போனபோது, ஸ்டியரிங்கின் மேல் கை வைத்தார்.

"ஊட்டுக்கு வேண்டாம் சாமி. ஆஸ்பத்திரிக்கு வுடு."